ஒரே ஒரு ரப்பர்

"புதுசு, கீழே ஸ்டோருக்குப் போய் ஒரு ரப்பர் வாங்கிட்டு வாம்மா."

கண்காணிப்பாளர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பஸ் கம்பெனியின் கால அட்டவணைப் பிரிவு மூன்றாம் மாடியில், எழுதுபொருள் தரும் ஸ்டோர் தரைத்தளத்தில். லிஃப்ட் கிடையாது.

காலையிலிருந்து இது நான்காவது தடவை. முதலில் குண்டூசி, அப்புறம் ஸ்கேல், அப்புறம் ஒரே ஒரு வெள்ளைத்தாள்.

"மொத்தமா சொன்னா வாய் வலிக்குமாமா?" டைப்பிஸ்ட் அக்கா காதைக் கடித்தாள். "உன்னை நிரந்தரமாக்க அவருக்கு மனசில்லைடி. நேரத்தைத் தின்னே உன்னைக் கவுத்துடுவார்."

புதிதாய்ச் சேர்ந்திருந்த அவளுக்கு, ஐந்து மணிக்குள் புது அட்டவணையை முடித்தால்தான் வேலை நிரந்தரம். தாளில் ஏழு பத்துக்கு இரண்டு பஸ்கள் ஒரே நடைமேடையில் முட்டிக்கொண்டு நின்றன. ஒரு மணி நேரமாகப் பென்சிலைக் கடித்தும் வழி பிறக்கவில்லை.

முணுமுணுத்துக்கொண்டே போய் வந்தாள். ரப்பரை வைத்தாள். உட்கார்ந்ததும் ஒரு பஸ்ஸை மூன்றாம் மேடைக்கு மாற்றி எழுதினாள். சரியாக இருந்தது. எப்போது தோன்றியது என்று யோசிக்கக்கூடக் கோபம் விடவில்லை.

இன்னும் ஒரே ஒரு சிக்கல் பாக்கி. மணி நாலு.

"புதுசு, ஒரு கிளிப்."

ஸ்டோரில் வெடித்துவிட்டாள். "அண்ணா, அவர் என்ன மேலே கடையா வைக்கிறார்?"

ஸ்டோர்க்காரர் சிரித்தபடி இழுப்பறையைத் திறந்தார். நேற்று அவள் வாங்கிப்போன நூல்கண்டு, சீவாத பென்சில், பசை டப்பா. எல்லாம் அப்படியே இருந்தன.

"சாயங்காலம் அவரே கொண்டுவந்து திருப்பிக் குடுத்துடுவார்மா. முட்டிவலியோட மூணு மாடி இறங்கி."

"அப்புறம் எதுக்கு என்னை அனுப்பறார்?"

"நானும் கேட்டேன். 'உக்கார வெச்சா அந்தப் பொண்ணு பென்சிலைத் திங்குது. படியேறி வந்தா விடை தானா வருது. சும்மா நடந்துட்டு வான்னு அனுப்பினா நாலு பேர் கேள்வி கேப்பாங்க'ன்னார்."

அவள் கிளிப்பை வாங்கிக்கொண்டு மெதுவாகப் படியேறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கடைசிச் சிக்கல் அவிழ்ந்தது.

நாலே முக்காலுக்கு அட்டவணை அவர் மேசையில். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே உன்னைப் புதுசுன்னு கூப்பிட முடியாது."

அவள் அவர் மேசையிலிருந்த குண்டூசி, ஸ்கேல், வெள்ளைத்தாள், ரப்பர், கிளிப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு இதையெல்லாம் நானே ஸ்டோர்ல குடுத்துடறேன், சார். உங்க முட்டிக்கு ஒருநாள் லீவு."