திறக்க அனுமதி இல்லை

“பழைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. அது அவரோட போச்சு” என்றாள் அந்த வீட்டுக்காரி. சொல்லிவிட்டு, மேசை மேல் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் வழித்தாள்.

சுவரோரம் இரண்டு அட்டைப்பெட்டிகளில் ஆண்கள் சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன. கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டு ஹார்ட் டிஸ்கின் கேபிளைச் சொருகினார்.

கணவர் வெள்ளிக்கிழமை தவறாமல் பேக்கப் எடுப்பாராம். பதினோரு வருடப் படங்கள், பேச்சுப் பதிவுகள் எல்லாம் இந்தக் கறுப்பு டிஸ்கில்தான். நான்கு மாதம் முன்பு கம்ப்யூட்டர் படுத்துவிட, அவள் தம்பி வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்திருக்கிறான். அன்றிலிருந்து டிஸ்க் திறக்கவில்லை, பேக்கப்பும் ஓடவில்லை. ஒரு கடையில் டிஸ்க் போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்று கைவிரித்துவிட்டார்களாம். இதையெல்லாம் அவள் பஸ் நேரம் சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னாள்.

“திங்கக்கிழமைக்குள்ள வேணும். அங்க படங்களைக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க.”

எந்த ஆபீஸ் என்று அவர் கேட்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் கவுண்டருக்குக் கவுண்டர் ஒரு அத்தாட்சி கேட்பார்கள். போன வருடம் அப்பா இறந்தபோது அவரே செருப்புத் தேய அலைந்திருக்கிறார்.

டிஸ்கைச் சோதித்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை, நல்ல நிலையில்தான் இருந்தது. ஃபோல்டரைத் திறக்கப் போனால் மட்டும், அனுமதி இல்லை என்று திரை சொன்னது.

அப்போது அறைக் கதவு திறந்தது. கொஞ்ச நேரம் முன்பு அதே கதவை அவரும் அவளுமாக முட்டித் தள்ளித்தான் உள்ளே வந்திருந்தார்கள். இப்போது வந்தவரோ கைப்பிடியை லேசாக மேலே தூக்கி, சத்தமில்லாமல் திறந்துகொண்டு நின்றார். ஒடிசலான ஆள். மழித்த தலையில் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. தண்ணீர் குடிக்கணும், டம்ளர் எங்கே இருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

சமையலறையில் மேல் தட்டு என்று அவள் சொன்னாள்.

“உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அவர் போனார். துக்கம் விசாரிக்க வந்து தங்கிவிட்டவர் போலிருக்கிறது என்று சர்வீஸ்காரர் நினைத்துக்கொண்டார்.

மறுபடி திரைக்குத் திரும்பியவருக்குக் கோளாறு பிடிபட்டது.

“டிஸ்க் போகலைங்க, வெறும் பூட்டுதான். ஒவ்வொரு ஃபைலும் யாருக்குச் சொந்தம்னு உள்ளே ஒரு எண் இருக்கும். உங்க தம்பி பழைய பேர்லயேதான் அக்கவுண்ட் போட்டிருக்கார், ஆனா எண் வேற. பேர் ஒண்ணா இருந்தாலும், இதுக்கு இவர் புது ஆள். பழையவரோடதை எடுத்துக் குடுக்காது.”

அவள் திரையருகே குனிந்தாள். “பழையவரோடதைப் புதியவருக்கு மாத்திக் குடுக்க முடியுமா?”

முடியும், நேரம்தான் எடுக்கும் என்றார் அவர்.

எண்பதாயிரத்துச் சொச்சம் ஃபைல்கள். உரிமையாளரை மாற்றச் சொல்லிவிட்டு, பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தனக்கென்று கொண்டுவந்த டீயில் ஆடை படிந்துவிட்டது. அவள் அதை எடுக்கவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை.

பாதியில் ஒரு ஃபோல்டர் முரண்டு பிடித்தது. கல்யாணப் படங்கள். யாரும் கைதவறி அழித்துவிடக் கூடாது என்று அதை மட்டும் தனியாகப் பூட்டி வைத்திருந்தார் கணவர். அதற்குத் தனியாக உரிமை மாற்ற வேண்டியிருந்தது.

“ரொம்ப ஒழுங்கான மனுஷர் போல.”

“அப்படித்தான் இருந்தார்.”

மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவள் “ம்” என்றாள். பலபேர் சொல்லிக் கேட்டுப் பழகிய “ம்”.

கடைசி ஃபைலும் மாறியது. பேக்கப்பையும் புதிய கணக்குக்கு மாற்றி, ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். தடங்கலில்லாமல் ஓடி முடிந்தது. இனி வாராவாரம் அதுவே எடுத்துக்கொள்ளும் என்றபோது அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

சரிபார்க்க ஒரு படத்தைத் திறந்தார். ஒரு படகில் குண்டாக ஒருவர், அடர்ந்த மீசை, நெற்றியில் விழும் சுருள் முடி, கண் இடுங்கும் அளவுக்குச் சிரிப்பு. அவர் தோளில் சாய்ந்து வாய்விட்டுச் சிரிப்பவள் பக்கத்தில் நிற்கிற இந்த அம்மாதான் என்பதே சர்வீஸ்காரருக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

டம்ளரோடு திரும்பி வந்த அந்த ஒடிசலான மனிதர், சர்வீஸ்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்த்தார். நன்றாக உற்றுப் பார்த்தார்.

“என்னமா சிரிக்கிறார். யாருங்க இவர்?”

அவள் ஒரு நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டாள். அவர் உட்காரும்வரை காத்திருந்தாள். அவர் காதுக்கு மேலே, முள்முடிக்கு நடுவே நீளமாக ஒரு தையல் தழும்பு தெரிந்தது.

“நீங்கதான்.”