படகு போகிற ஆறு

"குடைய நல்லாச் சாய்ச்சுப் புடிங்க மாப்ள, புள்ள மூஞ்சியில படுது பாருங்க!"

செவந்தி போட்ட சத்தத்தில் மருமகன் கண்ணனின் கையிலிருந்த குடை ஒருமுறை ஆடி நின்றது. ஆற்றங்கரையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த சிவரஞ்சனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். தலைப்பிரசவம். இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதை நம்பி எல்லோரும் இருந்துவிட்டார்கள். வயிற்றில் இருப்பது யார் பேச்சையும் கேட்கவில்லை.

அக்கரையில் ஆம்புலன்ஸ் தலையில் விளக்குச் சுழல நின்றிருந்தது. கூப்பிடு தூரம்தான், ஆனால் வண்டி இக்கரைக்கு வர வழியில்லை.

இரண்டு கரைக்கும் நடுவில் இருந்த தரைப்பாலத்தை ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் புதுப் பாலம் இதோ வந்துவிடும் என்று கைகூப்பிச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரும் நம்பித் தொலைத்தது.

செவந்தியின் செல்போன் அலறியது. ஆம்புலன்ஸ் டிரைவர்.

"அம்மா, வண்டிய ஆத்துல எறக்க முடியாது. போன மாசம் எறக்கி மாட்டிக்கிட்டு, டிராக்டர் வச்சுல்ல இழுத்தோம். சுத்தி வரட்டா? ஒரு மணி நேரம் ஆகும்."

"ஒரு மணி நேரமா? ஐயோ சாமி, பனிக்கொடம் ஒடைஞ்சிருச்சுங்களே!"

"அப்ப இருங்க, நர்ஸம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் புள்ளைய நடக்க விடாதீங்க."

வைத்த மாத்திரத்தில் மறுபடி அழைப்பு. இந்தத் தடவை ஆம்புலன்ஸின் சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு பெண். குரலில் தேன் ஒழுகியது.

"மேடம், எங்க மேப்புல உங்க ஊர்ல படகுத்துறைன்னு காட்டுது. போட் ஏதாச்சும் இருக்குங்களா?"

"இருக்கு தாயி, கவர்மெண்டுல குடுத்தது. அதுல கோழி அடை கெடக்குது."

"சாரி மேடம், புரியல."

புரியவைக்கச் செவந்திக்கு நேரமில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்பினால், பக்கத்துப் புளியமரத்தடியில் இன்னொரு செல்போன் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அது அவளுடைய அண்ணன் சேவுகனுடையது. அவர் வார்டு மெம்பர். பாலம் பாலம் என்று மனுக் கொடுத்தே செருப்புத் தேய்ந்தவர். இன்றைக்குப் பார்லிமெண்டில் தொகுதி எம்.பி. அந்தப் பாலத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று காலையிலேயே ஊர் ஆம்பளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு போனில் அந்த நேரலையைப் போட்டுவிட்டிருந்தார். சிவரஞ்சனியைத் தூக்கி வந்ததும் எல்லோரும் பதறிப்போய் எழுந்துவிட்டார்கள். போனை நிறுத்தத்தான் சேவுகனுக்கு மனசு வரவில்லை.

"அண்ணே, அந்தக் கருமத்த அமத்துங்கண்ணே!"

"இருத்தா, நம்ம பாலத்தப் பத்தித்தான் பேசுறாக. மந்திரி பதில் சொல்லப் போறாரு."

மந்திரி எந்த மொழியில் பேசினாரோ, போனில் தமிழாகி வந்தது.

"உறுப்பினர் குறிப்பிடும் ஆறு, நீர்வழிப் போக்குவரத்துக்கு உரிய ஆறுகளின் பட்டியலில் உள்ளது. அங்கே தாழ்வான பாலம் கட்டினால் அடியில் படகுகள் செல்ல இயலாது. விதிகள் அதை அனுமதிப்பதில்லை. உயரமான பாலத்துக்கு இந்த நிதியாண்டில் ஒதுக்கீடு இல்லை."

எம்.பி. விடவில்லை. "ஐயா, நீங்க ஒரே ஒரு தடவ வந்து அந்த ஆத்தக் கண்ணால பாத்துட்டு..." என்று குரலை உயர்த்தினார். மணி அடித்தது. நேரம் முடிந்தது என்றார்கள். மைக் அடங்கிப்போக, யாரோ எங்கேயோ ரயில் விடுவதைப் பற்றிப் பேச்சு ஆரம்பமானது.

சேவுகன் போனை மடியில் செருகினார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"தாழக் கட்டுனா சட்டம் விடாதாம். ஒசரக் கட்டக் காசு இல்லையாம்."

"நடுவுல எம் புள்ளைய என்ன செய்யச் சொல்றாகண்ணே?"

கேட்டுவிட்டுச் செவந்தி உடைந்து அழுதாள். கோபப்படலாம் என்றால் எதிரில் ஒருத்தர் இல்லை. எல்லோரும் டெல்லியில் குளுகுளு அறையில் இருந்தார்கள். இங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் அவளைப் போலவே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"ஆத்தா... என்னால முடியலத்தா..." சிவரஞ்சனி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உதடு வெளுத்துவிட்டிருந்தது.

மறுபடி டிரைவர். இப்போது அவன் குரலும் பதறியது.

"அம்மா, இனிமே காத்திருக்க முடியாதுன்னு நர்ஸம்மா சொல்றாங்க. நாலு பேரு கட்டிலோட தூக்கிட்டு ஆத்துல எறங்குங்க. ஆட்டாமக் கொண்டு வரணும். நாங்க ரெண்டு பேரும் நடு ஆத்துக்கு வந்துர்றோம்."

ஆம்பளைகள் மளமளவென்று கைலியை மடித்துக் கட்டினார்கள். சேவுகனும் இன்னொருவரும் தலைமாட்டைப் பிடித்தார்கள். கண்ணன் குடையை மாமியார் கையில் திணித்துவிட்டுக் கால்மாட்டுக்கு ஓடினான். கீரனூர்க்காரனுக்கு இந்த ஆறு பழக்கமில்லை. பெண்டாட்டியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்கிற பதற்றத்தில், செருப்பைக் கரையிலேயே உதறிவிட்டுக் கட்டிலைத் தூக்கினான்.

செவந்தி பதறிப்போய்க் கத்தினாள்.

"செருப்ப மாட்டிக்கங்க மாப்ள... நடு ஆத்துல மணலு கொதிக்கும்!"