குளிர் மட்டும்

“மின்ட்டி,” என்றாள் அவள், மூடிய கண்ணைத் திறக்காமலே.

“பாத்தியா, வந்துருச்சு,” என்று துள்ளினான் கணவன்.

“என்னத்த வந்துச்சு? மூக்குல ஜில்லுனு ஏறுச்சு, அதை வெச்சுச் சொன்னேன். வாசனைன்னு ஒண்ணும் தெரியலைங்க.”

இருவருக்கும் ஒரே பற்பசைத் தொழிற்சாலையில், ஒரே பிரிவில் வேலை. பசை குழாய்க்குள் போகுமுன் முகர்ந்து, சுவைத்து, சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். போன மாதம் வந்த காய்ச்சல் இருவரையும் ஒன்றாகப் படுக்கப் போட்டது. எழுந்தபோது அவளுக்கு மோப்பம் சுத்தமாகப் போயிருந்தது. தனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏதோ புண்ணியம் என்றான் அவன். நாளைக்கு இருவருக்கும் மறுசோதனை. தேறாதவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதனால்தான் தினமும் காலையில் சாப்பாட்டு மேஜையில் இந்தக் கூத்து. எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, புதினா என்று பழுப்பு நிறப் புட்டிகள். முதல் மூன்றுக்கும் உதட்டைப் பிதுக்குவாள். புதினா மட்டும் குளிரும். ஆனால் சோதனையில் அந்தச் சமாளிப்பு எடுபடாது. அங்கே மின்ட்டி என்றால் புதினா மணம். குளிர்ச்சிக்குத் தனி மதிப்பெண்.

அவளைத் தேற்ற, அந்த வார்த்தையின் பூர்வீகத்தையே எடுத்துவிட்டான் கணவன். ஆங்கிலத்துக்கு அது லத்தீனிலிருந்து வந்ததாம், லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து. அங்கே மிந்தே என்று ஒரு பெண். பாதாள ராஜா அவள்மேல் ஆசை வைக்க, ராணி அவளைக் காலால் மிதித்தே செடியாக்கிவிட்டாளாம். மிதிபட மிதிபட மணக்கிற செடி.

“மிதிபட்டா மணக்கும்னா, உங்கக்கா மிதிச்ச மிதிக்கு நான் ஊரெல்லாம் மணந்திருக்கணும்,” என்றாள்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“இன்னொரு தடவை பாக்கலாம். இப்ப நீங்க மொதல்ல மோந்து, எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நீங்க சொல்லச் சொல்ல எனக்கு ஞாபகமாவது வரட்டும்.”

அவன் எலுமிச்சைப் புட்டியைத் திறந்து மூச்சை ஆழமாக இழுத்தான். தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அந்த நெடி என்றான். கிராம்பு, பல்வலிக்காரன் கடைவாயில் அடக்கிவைத்த காரம். ரோஜாவுக்கு அவன் கண்ணே சொருகியது. மழையில் நனைந்து அப்போதுதான் தலைதூக்கிய பூ என்றான். அவனைப்போல் வர்ணிக்க அந்தப் பிரிவில் ஆளே கிடையாது.



“இப்ப நீ சொல்லும்மா. கொஞ்சமாவது வருதா?” ரோஜாப் புட்டியை நீட்டினான்.

அவள் வெகுநேரம் முகர்ந்தாள். அவன் முகத்தையே பார்த்தாள்.

“வருதுங்க. ரோஜாதான். லேசா, எங்கேயோ தூரத்துல இருந்து வர்ற மாதிரி.”

அவன் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேவிட்டான். நாளைக்கு ரெண்டு பேரும் தேறிவிடுவோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

குளிராவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும் என்று புதினாவை மட்டும் தொடாமல், மற்ற மூன்று புட்டிகளையும் அன்று விடிகாலையில் கழுவி, வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்தவள் அவள்தான்.