பட்டை மாற்றிய நாள்

செவிலியர் எல்லாருடைய மணிக்கட்டிலும் அந்த வாரம்தான் புதிதாக ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். தூக்கம், படபடப்பு, கைநடுக்கம் எதுவானாலும் அது மேட்ரனுக்குச் சொல்லிவிடும்.

"ஏட்டி, இன்னைக்கு ஒருநாள் மாத்திக் கட்டுவோமா? மேட்ரன் குழம்பட்டும்," என்றாள் ஷோபி. லீலா யோசிக்காமல் கழற்றிக் கொடுத்தாள். மருந்து கொண்டுவரும் ரோபோவுக்குச் சேலை கட்டி டீன் அறைக்கு அனுப்பிய கூட்டாளிகள் அவர்கள்.

நான்காம் நாள் பட்டியல் வந்தது. லீலா மூன்று வருடம் பயிற்சி எடுத்துக் காத்திருந்த அறுவை அரங்கு வேலை ஷோபிக்குப் போயிருந்தது. லீலாவின் பெயருக்கு எதிரே, 'வலக்கை நடுக்கம், தகுதியில்லை' என்றிருந்தது. பட்டை மாற்றிய நாளின் அளவைத்தான் தேர்வுக்கு எடுத்திருந்தார்கள்.

உடை மாற்றும் அறையில் ஷோபி தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கை நடுங்குமா?"

"ரெண்டு வருஷமா. வார்டுல ஓடி ஓடி என்னால முடியலட்டி. உனக்கு அடுத்த தடவை கிடைக்கும்லா."

"விளையாட்டுன்னு சொன்னியே."

ஷோபி சீப்பில் சிக்கிய முடியை எடுத்துப் போட்டாள்.

லீலா நேரே மேட்ரனிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, கையை நீட்டு பார்ப்போம்."

லீலா நீட்டினாள். ஆறு வருடம் ஒரே டப்பாவில் சோறு தின்றவள் இப்படிச் செய்துவிட்டாளே என்று நெஞ்சு கொதித்தது. விரல்கள் நடுங்கின. அடக்கப் பார்த்தாள், இன்னும் அதிகமாக நடுங்கின.

"போய்க் கொஞ்சம் ஓய்வெடு மக்களே," என்றார் மேட்ரன் கனிவாக.