கூடுதலாக ஆறு மணி நேரம்

“ஏம்மா, கூசாம ஆறு மணி நேரம் கூட்டி எழுதியிருக்கியே! ஆகாயத்துல யாரு வந்து பார்க்கப் போறாங்கன்னு நெனச்சியா?”

தலைமை கேப்டன் அவளுடைய பறந்த நேர நோட்டை மேசைமேல் வீசினார்.

அந்த ஆஸ்பத்திரி ஹெலிகாப்டரை முறைவைத்து ஓட்டுவது இரண்டே பேர். அவரும், சேர்ந்து மூன்று மாதமே ஆன அவளும்.

“இங்கே வந்து நீ ஓட்டினது, ஹெலிகாப்டர்ல இறக்கை சுத்துற நேரத்தை எண்ணுற மீட்டர்படி ஐம்பத்தி நாலு மணி. உன் நோட்டுல அறுபது. கேப்டன் ஆகறதுக்கு ஆயிரம் மணி வேணும். உனக்கு இன்னும் ஆறு குறையுது. கச்சிதமா ஆறு ஏறியிருக்கு! எனக்கு எப்பவோ காது குத்தியாச்சும்மா.”

“இல்ல சார். இறக்கை சுத்த ஆரம்பிச்சதும் வாட்ச் பார்த்து எழுதுவேன். நின்னதும் பார்த்து எழுதுவேன். முதல் நாளே நீங்கதான் சார் அப்படிச் சொன்னீங்க.”

“சொன்னேன். நானும் அப்படித்தான் எழுதறேன். என் நோட்டை எடுத்துப் பாரு, மீட்டரோட ஒரு நிமிஷம் பிசகாது!”

ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“‘தெரிஞ்சேதான் கூட்டி எழுதினேன், மன்னிச்சிடுங்க’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. ஆறு மணியை அடிச்சிட்டு இங்கேயே முடிச்சிடலாம். மேலிடத்துக்குப் போச்சுன்னா லைசென்ஸே போயிடும்.”

அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ‘என் பொண்ணு பைலட்டு’ என்று தெருவெல்லாம் சொல்லித் திரியும் அப்பாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

பேனாவை எடுத்தாள். ‘தெரிஞ்சே’ என்ற சொல்லில் கை நின்றுவிட்டது.

“சார்… நான் தப்பா எழுதியிருந்தா ஒத்துக்கறேன். ஆனா தெரிஞ்சே எழுதலை. மீட்டரை ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துடலாமே?”

“நீ தப்பிக்கிறதுக்கு மீட்டர் மேல பழியா?”

வாசலில் ஃபைலோடு நின்றிருந்த மெக்கானிக் தொண்டையைச் செருமினார். அவரை எல்லோரும் ‘ஸ்பேனர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பார்த்துட்டாப் போச்சு, கேப்டன். ஒரு மணி நேர வேலை.”

மீட்டரைக் கழற்றிவந்து, மேசையில் பேட்டரியோடு இணைத்து ஓடவிட்டார். மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

ஒருவேளை என் வாட்ச்தான் வேகமாக ஓடுகிறதோ? அவள் மணிக்கட்டைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தாள்.

அறுபது நிமிடம் முடிந்தது. மீட்டரில் ஐம்பத்து நான்கு நிமிடமே ஏறியிருந்தது.

“மணிக்கு ஆறு நிமிஷம் முழுங்குது,” என்ற ஸ்பேனர், காகிதத்தில் ஏதோ கூட்டிப் பார்த்தார். முகம் வெளிறியது.

“இந்த மீட்டரை நம்பித்தான் இறக்கையை எப்ப மாத்தணும்னு நாள் வெச்சிருந்தேன். கெடு முடிஞ்சு எட்டு மணி நேரம் ஓடியிருக்கு. அதுலதான் நோயாளிங்களை ஏத்தியிருக்கோம்.”

பழி நீங்கியதில் அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. நேற்று அவள் ஏற்றிவந்த நிறைமாதக் கர்ப்பிணி பயத்தில் ஸ்ட்ரெச்சர் கம்பியை இறுகப் பிடித்திருந்த கைதான் கண்முன் வந்தது.

கேப்டன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “பாழாப்போன மீட்டர்! நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திடுச்சேம்மா.”

ஸ்பேனர் இருவர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார்.

“இவங்களை ஏமாத்தலையே, கேப்டன்,” என்றார் மெதுவாக. “மூணு மாசமா தப்பாவே ஓடின மீட்டரோட, வாட்ச் பார்த்து எழுதின உங்க நோட்டு மட்டும் எப்படி ஒரு நிமிஷம் பிசகாம ஒத்துப் போச்சு?”