தம்பியின் ஹார்ட் டிஸ்க்

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். லேப்டாப் ரிப்பேர் செய்பவர், ஸ்பேஸ் பார் உடைந்து வந்த ஒரு வக்கீல், காணாமல் போன ஒருவனின் அக்கா.

மாடி அறை. ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஜன்னலுக்குக் கனத்த கம்பி. அக்கா கதவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

தம்பி வீட்டை விட்டுப் போய் நான்கு மாதம். ரயில் பாதையோரம் நசுங்கிக் கிடந்த லேப்டாப்பை மட்டும் போலீஸ் திருப்பிக் கொடுத்தது. வயசுப் பையன், எங்கேயாவது சுற்றிவிட்டு வருவான் என்றார்கள். அவள் நம்பவில்லை.

"இது தேறாது மேடம்" என்றார் ரிப்பேர்க்காரர். "போர்டே ரெண்டா உடைஞ்சிருக்கு. மேல லாரி ஏறிச்சா?"

"தெரியல சார். டிஸ்க் நல்லா இருந்தா வேற லேப்டாப்ல போட்டு ஓட்டலாம்னாங்க. என்கிட்ட வேற இல்ல. உங்களுதுல போட்டுக் காட்டுறீங்களா?"

"ஓடும்னு சொல்ல முடியாது. உள்ள இருக்கற சிஸ்டம் பழைய உடம்புக்குப் பழகியிருக்கும். புது உடம்பைப் பாத்தா முரண்டு பிடிக்கும்."

"என் மச்சான் மாதிரி" என்றார் வக்கீல். "வீடு மாத்தி மூணு வாரமாச்சு, இன்னும் யாரோடயும் முகம் கொடுத்துப் பேசல. முதல்ல என்னுதை முடிச்சு விடுப்பா. மனு பூரா ஒரே வார்த்தையா வருது. ஜட்ஜ் மூச்சு விடாமப் படிக்கணும்."

ரிப்பேர்க்காரர் சிரித்தபடி புது ஸ்பேஸ் பாரை மாட்டிக் கொடுத்தார். வக்கீல் நாலு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, பிழைத்தேன் என்று எழுந்தார்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க சார், தூசி வருது."

கதவு சாத்தப்பட்டது. வக்கீலின் செருப்புச் சத்தம் படியிறங்கி மறையும்வரை அக்கா கதவையே பார்த்திருந்தாள்.

ரிப்பேர்க்காரர் நசுங்கிய மூடியை நெம்பி டிஸ்க்கை வெளியே எடுத்தார். மேஜையில் இருந்த கடை லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பொருத்தினார். சுவிட்சை அழுத்தினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் விறுவிறுவென்று ஓடின.

"லினக்ஸ் சிஸ்டமா? அப்ப கவலை இல்ல. இது எந்த உடம்புல வச்சாலும் எழுந்து உக்காரும். கிட்ட வந்து பாருங்க."

அவள் எழுந்து மேஜைக்கு வந்தாள். திரையின் நடுவில் ஒரு சின்னப் படம் வந்தது. முன்பல் ஓரம் உடைந்த ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ரிப்பேர்க்காரரின் கை அப்படியே நின்றது. "யாரு இது?"

"என் தம்பி. பாத்திருக்கீங்களா சார்?"

"நானா? இல்லையே. நம்ம கடைப் பக்கமே வந்ததில்ல."

அவள் குனிந்து தம்பியின் பாஸ்வேர்டை அடித்தாள். திரை விரிந்தது. டிங் என்றது. மறுபடி டிங். நான்கு மாதத்து மெயில்கள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. நூலகப் புத்தகத்தை உடனே திருப்பித் தரவும். இன்டர்வியூவுக்கு ஏன் வரவில்லை? எங்கடா தொலைஞ்ச? அவள் கண் இமைக்காமல் பார்த்தாள்.

ரிப்பேர்க்காரர் மூடியைப் பட்டென்று சாய்த்தார். "டிஸ்க் சூடாகுது. இப்படியே ஓட்டினா புட்டுக்கும். இங்கேயே விட்டுட்டுப் போங்க, நாளைக்குப் பாக்கலாம்."

"வேண்டாம் சார். கழட்டிக் குடுத்துடுங்க, நான் கிளம்பறேன்."

"சொன்னா கேளுங்க." அவர் எழுந்து அவளுக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றார். குரலில் மேடம் இல்லை. "நீங்க இங்க வந்தது வீட்ல யாருக்காவது தெரியுமா?"

கீழே தெருவில் ஏதோ வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. இங்கே கத்தினால் அந்த ஹார்ன் அளவுக்குக்கூடக் கேட்காது.

"தெரியாது" என்றாள்.

அவர் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டார். "உக்காருங்க. பதறாதீங்க. உள்ள இருக்கற போட்டோல்லாம்தானே வேணும்? பென் டிரைவ் எடுத்துட்டு வரேன், காப்பி பண்ணித் தரேன்."

பின்னால் இருந்த சாமான் அறைக்குள் போனார். பெட்டிகளைத் தள்ளும் சத்தம் கேட்டது. பென் டிரைவ் தேட அத்தனை பெட்டியைத் தள்ள வேண்டியதில்லை.

அவள் உட்காரவில்லை. சார்ஜர் ஒயரைப் பிடுங்கினாள். கடை லேப்டாப்பை டிஸ்க்கோடு சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தாள். அது துருப்பிடித்துக் கிறீச்சிட்டது.

"ஏய்!"

இரண்டே எட்டில் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கொண்டியில் திறந்து தொங்கிய பூட்டை மாட்டி அழுத்தியபோது, உள்ளிருந்து கதவில் அவர் உடம்பே வந்து மோதியது. பூட்டு தாங்கியது.

படியில் உட்கார்ந்தாள். கதவு அதிர்ந்துகொண்டே இருந்தது. நான்கு மாதமாக அவளைத் தட்டிக்கழித்த இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். அவர் எடுத்ததும் சலிப்போடு, "என்னம்மா மறுபடியும்?" என்றார்.

"பதினோரு ரிப்பேர் கடைல இந்த டிஸ்க் வைஃபை பாஸ்வேர்டு கேட்டுச்சு சார். தம்பி வந்ததே இல்லைன்னு சொன்ன பன்னெண்டாவது கடைல, கேக்காமலே சேந்து மெயில் கொட்டிச்சு."