சாவித் தடம்

தலைக்கு எண்ணெய் வைக்காமல், முந்தின இரவு கண் மூடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். அன்பரசுக்கு இரண்டும் சிரமமாக இல்லை.

கடலூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் சிதம்பரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துவிட்டான்.

டெக்னீஷியன் பிரிசில்லா அவன் மண்டையில் பசை தடவி ஒவ்வொரு வயராக ஒட்டினாள்.

"நீங்க பாட்டுக்குத் தூங்குங்க சார். வலிப்பு அலை கெளம்புனா இந்த ரெண்டு பட்டை வழியா லேசா கரண்ட் விடுவோம். பயந்துக்காதீங்க, பைத்தியத்துக்கு வெக்கிற கரண்ட் இல்ல. எறும்பு ஊர்ற மாதிரிகூட இருக்காது."

அவனுக்குத் தூக்கத்தில் மட்டும்தான் வலிப்பு வரும். அவனுக்குத் தெரியாமலே வந்துவிட்டுப் போகும்.

"இரும்பு ஏதும் கூடாது. பையில என்னா?"

எடுத்துக் கொடுத்தான். இடுப்பில் செருகும் கொக்கி வைத்த சாவிக்கொத்து.

பிரிசில்லா சிரித்துவிட்டாள். "பொம்பளைங்க கொத்தாச்சே இது! வீட்ல ஊருக்குப் போயிருக்காங்களா? டெலிவரிக்கா?"

"ஆமா சிஸ்டர். தையில டெலிவரிக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனா. அந்த மாசமே கொழந்த பொறந்துச்சி. வடலூர்ல, மாமனார் வீட்ல இருக்கு."

வலிப்பு வந்தால் மனைவி மலர்க்கொடி அந்தக் கொத்தைத்தான் அவன் கையில் வைத்து அழுத்துவாள். இரும்புக்கும் மூளைக்கும் என்னடி சம்பந்தம் என்று இயற்பியல் படித்தவன் கேலி செய்வான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். காலையில் உள்ளங்கையில் சாவியின் பல் சிவப்பாகப் பதிந்திருக்கும். இரவில் வந்தது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.

தையிலிருந்து உள்ளங்கை சுத்தமாக இருந்தது.

நின்றுவிட்டது. மெஷினும் அதைச் சொல்லிவிட்டால் போதும்.

மாமனார் சாமிக்கண்ணு கறாராகச் சொல்லியிருந்தார். "மொதல்ல அது நிக்கட்டும் மாப்ள. அப்புறம் அனுப்பி வெக்கிறோம்."

பச்சைப்பிள்ளை பக்கத்தில் படுக்கிற விஷயம். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தூங்கிப்போனான்.

விழித்தபோது நாக்கு எரிந்தது. பிரிசில்லா வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சி சார். பெருசாவே வந்துச்சி. கரண்ட் விட்டப்புறம் அலை கொஞ்சம் அடங்கியிருக்கு. தொடர்ந்து வெச்சிப் பாக்கலாங்கறாரு டாக்டர்."

"தையிலேருந்து வரவே இல்லையே சிஸ்டர்." கையை விரித்துக் காட்டினான். சாவிக் கதையைச் சொன்னான்.

"நல்லா கணக்குப் போட்டீங்க, போங்க. தடம் விழணும்னா சாவிய வெச்சி அழுத்த ஆளு வேணுமில்ல? அவுங்க அங்க, நீங்க இங்க. ராத்திரியில ஒங்கள யாரு பாத்தா?"

தினமும் காலையில் அடித்துப் போட்டதுபோல் உடம்பு வலித்தது. அதை வேறு வலி என்று நினைத்திருந்தான்.

பிரிசில்லா தட்டிலிருந்து கொத்தை எடுத்து நீட்டினாள். "வந்ததும் மொதல்ல இத அவுங்ககிட்ட குடுங்க. எப்ப வர்றாங்க, தாயும் புள்ளையும்?"

அன்பரசு கொத்தை வாங்கி, பல் உள்ளே பதிய விரல்களை மூடிக்கொண்டான்.

"புள்ள மட்டுந்தான் வரணும் சிஸ்டர்."